ஊர்க்காவல்: அன்றும் இன்றும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு ஞாயிறு மாலை எமது குறிச்சியினர் சங்க மண்டபத்திற் கூடினர். அது பூசைக்கோ விழாவுக்கோ கூடிய கூட்டமன்று. ஒரு மாதத்துள் மூன்று வீடுகளிற் களவு போயிருந்தது. இரண்டு வீடுகள் வெளிநாடு சென்றோருடையவை. ஆளின்றிப் பூட்டிக் கிடந்தவை. மூன்றாவது வீட்டில் முதியவர் ஒருவர் தனியே இருந்தார். கள்வர் அவருடைய கைகளைக் கட்டிவிட்டு அலுமாரியை உடைத்தனர். விடியும்வரை அவர் எழுப்பிய ஓசை பக்கத்து வீட்டாருக்குக் கேட்கவில்லை. கிடுகு வேலி இருந்த காலத்தில் இருமினாலும் அயலுக்குக் கேட்கும். இப்போது இடையே ஏழடி மதில் நிற்கிறது.

கூட்டத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இளைஞர் சிலர், இன்றிரவே கொட்டன் தடிகளோடு சந்திக்குச் சந்தி நிற்போம் என்றனர். வேறு சிலர், பிள்ளைகள் கனடாவிலிருந்து பணம் அனுப்புவார்கள், ஒழுங்கைதோறும் கமரா பூட்டுவோம் என்றனர். பொலிஸ் காவலரண் ஒன்று கேட்போம் என்றார் ஒருவர். அதுவும் வேண்டுமா என்று முணுமுணுத்தார் மற்றொருவர். அப்போது ஆசிரியை ஒருவர் எழுந்து, “எங்கள் பிள்ளைகள் தடியோடு நிற்கையில் வேறு ஊர்ப் பிள்ளை ஒன்று வழி தவறி வந்தால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். மண்டபம் சிறிது நேரம் பேச்சற்றிருந்தது. முடிவு இரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கிடையில் முன்னோர் இவ்விடயத்தில் என்ன செய்தனர், அதனால் என்ன விளைந்தது என்று பார்த்து வரும்படி எம்மைப் பணித்தனர். அவ்விரு வாரத்திற் படித்தவையும் பெரியோரிடம் கேட்டறிந்தவையும் ஈண்டுத் தொகுத்துத் தரப்படுகின்றன.

தமிழிலக்கியத்தில் ஊர்க்காவலரைக் காண விரும்புவோர் மதுரைக்காஞ்சியைத் திறந்தாற் போதும். நள்ளிரவில், மழை பெய்து தெருவெல்லாம் நீர் ஓடும் வேளையிலும், கள்வரின் தந்திரங்களை நூல் கற்பது போலக் கற்றறிந்த காவலர் சோராது திரிந்தனர் என்கிறது அந்நூல். ஆயினும் அதே மதுரையில், களவுப்பழி சுமந்த கோவலன் விசாரணையின்றி வெட்டுண்டதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. பொற்கொல்லன் ஒருவனுடைய சொல்லே அங்கு சான்றாயிற்று. காவல் விழித்திருந்தது, கேள்விதான் உறங்கிவிட்டது. கண்ணகை அம்மனுக்குப் பொங்கலிடும் எமது ஊர்களில் இக்கதையை அறியாதார் இல்லை. எனினும் கள்வன் அகப்பட்டான் என்ற கூக்குரல் எழும்போது அது எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

சோழர் சாசனங்களிற் பாடிகாவல் என்றொரு வரி வருகின்றது. ஊரைக் காப்பதற்கு ஊரவர் கொடுத்த பங்கு அது. காவல் என்பது எக்காலத்திலும் இலவசமாகக் கிடைத்ததன்று என்பதற்கு அச்சொல்லே சான்று.

எமது நாட்டுச் சான்று இதனினும் சுவையானது. அநுராதபுரப் பகுதியில் வேவல்கட்டிய என்னுமிடத்திற் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுச் சிங்களக் கல்வெட்டொன்று, குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பைப் பத்து ஊர்களின் தொகுதியான ‘தசகம’ என்னும் அமைப்பின் தலையிற் சுமத்துகின்றது. குற்றவாளியை ஊரவரே தேடிப் பிடித்து 45 நாட்களுள் தண்டனைக்குள்ளாக்க வேண்டும். தவறினாற் பத்தூராரும் சேர்ந்து 125 கழஞ்சுப் பொன் அரசனுக்குத் தண்டம் இறுக்க வேண்டும்!

முதன்முதல் இதனைப் படித்தபோது எமக்கு வியப்பே உண்டாயிற்று. அரசன் படை அனுப்பவில்லை, ஊரையே காவலாக்கிவிட்டான். அயலான் வீட்டிற் களவு போனால் அது என் மடியிலுள்ள பொன்னையும் கரைக்கும் என்றிருந்தால் எவன் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான்? எம் குறிச்சியில் அந்த ஏற்பாடு இருந்திருந்தால் முதியவருடைய குரல் யாராவது ஒருவர் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் மறுபடியும் எண்ணிப் பார்த்தோம். நாற்பத்து நான்காம் நாள் மாலை அந்தப் பத்தூரிலும் நிலைமை எப்படியிருந்திருக்கும்? கள்வன் அகப்படவில்லை, விடிந்தாற் பொன் கட்ட வேண்டும். அவ்வேளையில் உறவும் சுற்றமும் இல்லாத வழிப்போக்கன் ஒருவன் அம்பலத்திற் படுத்திருந்தால் அவன் கதி யாதாகும்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஊர்ப் பொறுப்பு என்னும் நல்ல ஏற்பாட்டுள் இத்தகையதோர் ஆபத்தும் உறைந்திருந்தது என்பது எம் கருத்து. அதே காலத்துக் கற்றூண் சாசனங்கள் பல, அரச ஊழியர் இன்ன ஊருக்குள் நுழையலாகாது என விலக்குவதையும் ஈண்டு நினைத்தல் தகும். கள்வனுக்கு அஞ்சிய குடிகள் காவலனுக்கும் அஞ்சினர் போலும்.

இனி ஒல்லாந்தர் காலம். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றி மூன்று ஆண்டு கழிந்ததும், 1659இல் கொழும்பு நகரசபை, இரவில் நகரைக் காக்கக் கூலிக்காவலரை அமர்த்துவதென்று தீர்மானித்தது. போர்வீரர் சிலரே அப்பணிக்கு நியமிக்கப்பட்டனர். கோட்டையின் வடவாசலிலும், கோட்டையையும் புறக்கோட்டையையும் இணைத்த பாதையிலும், கெய்மன்ஸ் கேற் என்னுமிடத்திலும் காவல் நிலையங்கள் மூன்று எழுந்தன. நகரத்தார் கூடிப் பேசி, கூலி கொடுத்துக் காவல் வைத்த செய்தி இந்நாட்டு வரலாற்றில் இங்குதான் தெளிவாகத் தென்படுகின்றது.

ஆங்கிலேயர் 1806இல் கிராமங்களுக்குப் பொலிஸ் விதானைமாரை நியமிக்க ஒழுங்கு செய்தனர். நகரத்துக்கோ வேறு ஏற்பாடு. 1832இல் தேசாதிபதி நியமித்த குழு, கொழும்புக்கு ஒரு பொலிஸ் படை அமைக்கவும் அதன் செலவைக் குடிகளிடம் வரியாக அறவிடவும் முடிவு செய்தது. ஒரு அத்தியட்சகர், ஒரு தலைமைக் கொஸ்தாப்பு, ஐந்து கொஸ்தாப்புகள், பத்துச் சார்ஜன்ட்மார், நூற்றைம்பது பியூன்மார்: இவ்வளவே அப்படை. நகரத்துக் காவலனுக்குச் சம்பளம் உண்டு. கிராமத்து விதானைக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எத்தனை கேடுகள் கிளைத்தன என்பதை இளைஞர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

விதானைக்குச் சம்பளமில்லை, ஆனால் அதிகாரம் உண்டு. குற்றத்தை அறிவிப்பவனும் அவன். ஆளைப் பிடித்து ஒப்படைப்பவனும் அவன். கோட்டிற் சாட்சி சொல்பவனும் அவன். யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானை என்று இறங்குமுகமாக அமைந்த வரிசையில் குடிகளோடு நாளும் முகம் பார்த்துப் பழகியவன் விதானையே. முதற்குலை வாழையும், முற்றிய பலாவும், தீபாவளிக்கு ஆட்டுப் பங்கும் அவன் வாசலுக்குப் போனதை எம் பேரன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்ல விதானைமாரும் இருந்தனர். ஊரில் எவன் வீட்டில் எத்தனை மாடு, எவன் மகன் எங்கே திரிகிறான், எந்தக் கிணற்றடியில் யார் யாருக்குப் பகை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். களவு போன மாட்டைக் கோடு கச்சேரி ஏறாமலே மீட்டுத் தந்தவர்களும் உண்டு. ஆயினும் கூலியில்லாத காவலன் தன் கூலியை எங்கேயாவது எடுத்துக்கொள்ளத்தான் செய்வான்.

இதனை மனதிற் பதியும்படி எழுதியவர் ஆங்கிலேயர் ஒருவர். லெனாட் வுல்ஃப் என்னும் அவர் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1913இல் அவர் வெளியிட்ட ‘காட்டிலே ஒரு கிராமம்’ என்னும் பொருள்படும் நாவலில், தலைமைக்காரன் ஒருவன் தனக்கு ஆகாத குடும்பத்தார்மேற் பொய்யான களவுக் குற்றம் சுமத்துகிறான். நீதவான் நேர்மையானவரே, ஆனாற் சாட்சியங்கள் அனைத்தும் தலைமைக்காரன் கையால் வந்தவை. நிரபராதி சிறைக்குப் போகிறான். முடிவில் கொலையும் விழுகின்றது. கதைதான் எனினும் எழுதியவர் நீதாசனத்தில் இருந்து பார்த்தவர்.

பொலிசின் பிறப்புக்கு மீள்வோம். ஊத்துவன்கந்தைச் சரதியேலின் பெயரை அறியாதார் சிலரே. கண்டி வீதியில் வழிப்பறி செய்த அவனை ஏழைகளின் நண்பன் என்று பாடினர் சிலர். கொள்ளைக்காரன் என்றது அரசு. 1864 மார்ச் 21இல் மாவனல்லையில் அவன் பிடிபட்டபோது கொஸ்தாப்பு சபான் என்பவர் சுடப்பட்டு மாண்டார். கடமையில் உயிர்துறந்த முதற் பொலிஸ்காரர் அவரே என்று கொண்டு, மார்ச் 21ஆம் நாளைப் பொலிசார் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். ஒரு கள்வனைப் பிடிக்க அரசு இத்தனை இடர்ப்பட்டதற்குக் காரணம், அயலூரவர் பலர் அவனைக் காட்டிக் கொடுக்க முன்வராமையே. காவலன் பக்கம் ஊர் நில்லாவிடின் துவக்கு மட்டும் பயன்தராது.

இதற்கு அடுத்த ஆண்டிற் பொலிஸ் கட்டளைச் சட்டம் (1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கம்) பிறந்தது. 1866 செப்ரெம்பரில், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் பணியாற்றிய கம்பெல் என்பவர் பொலிசுக்குத் தலைவரானார். எனினும் புதிய பொலிஸ் நகரங்களையும் பெருவீதிகளையும் சுற்றியே நின்றது. கிராமம் விதானையின் கையிலேயே இருந்தது. 1871இல் வந்த கிராமச் சங்கச் சட்டம் ஊர்க்குழுக்களையும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் கிராம நீதிமன்றங்களையும் அமைத்தது. மாடு பயிர் மேய்ந்த வழக்கும் வேலி வழக்கும் அங்கே தீர்ந்தன. வேலி வழக்குகளைப் பற்றி எழுதப் புகின் இம்மலர் முழுவதும் போதாது, ஆதலால் விடுகின்றோம்.

1915ஆம் ஆண்டின் கலகத்தை இங்கு குறிப்பிடாமல் இருக்க இயலாது. சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட அக்கலகத்தை அடக்க இராணுவச் சட்டம் பிறந்தது. சேதத்துக்கு ஈடாக, குற்றம் செய்தவர் செய்யாதவர் என்று பாராது, அவ்வப் பகுதிச் சிங்களக் குடிகள்மேற் பணம் அறவிடப்பட்டது. வேவல்கட்டியக் கல்வெட்டின் 125 கழஞ்சு ஆயிரம் ஆண்டு கழித்து மீண்டு வந்தது எனலாம். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனாய் இருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞரே இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு, 1915 யூலை 7இற் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலன் குற்றவாளியாக மாற்றப்படுவதற்குச் சில நாட்களே போதுமாயிருந்தன. சட்டநிரூபண சபையில் எழுந்து இவ்வநீதியைத் தட்டிக் கேட்டவர் எமது சேர் பொன்னம்பலம் இராமநாதன். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டதோடமையாது, நூலாகவும் எழுதி வெளியிட்டார். பாதிக்கப்பட்டோர் தம் இனத்தார் அல்லர் என்று அவர் ஒதுங்கி நில்லாமை இன்றைய இளைஞர் அறியவேண்டிய செய்தி.

தலைமைக்காரர் முறையை 1935இல் ஓர் ஆணைக்குழு ஆராய்ந்தது. மணியகாரர் பதவி போய் டி. ஆர். ஓ. வந்தார். இறுதியில் 1963இல் விதானை போய்க் கிராம சேவகர் வந்தார். பரீட்சை எழுதித் தெரிவானவர், சம்பளம் பெறுபவர், இடமாற்றத்துக்குரியவர் அவர். இன்று அவர் பெயர் கிராம அலுவலர். ஆனால் எம்மவர் வாயில் இன்னும் “விதானையார்”தான். சட்டத்தை மாற்றுவது எளிது. நாக்கை மாற்றுவது அரிது.

இதுவரை எழுதியவை ஏட்டில் உள்ளவை. இனி எழுதப்போவது எம் பெற்றோர் கண்ணாற் கண்டவை. 1984 நவம்பரிற் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையமும், 1985 ஏப்பிரலில் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையமும் தாக்கப்பட்டன. பொலிசார் அரண்களுக்குள் அடங்கினர். அதனாற் களவு ஓயவில்லை. குடிகள் ஆயுதம் வைத்திருந்த இளைஞரிடம் முறையிட்டனர். அதன் பயனாய் வந்ததே மின்கம்பத் தண்டனை. விடிந்தெழுந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், கம்பத்திற் கட்டப்பட்ட உடலையும் கழுத்திற் தொங்கிய அட்டையையும் கண்டனர். ‘கள்ளன்’ என்றது அட்டை. யார் விசாரித்தார், யார் சாட்சி, மறுப்புச் சொல்ல அவனுக்கு வாய் திறக்க விட்டார்களா என்பதை அட்டை சொல்லவில்லை. அன்று ஊர் அதனைத் தடுக்கவில்லை. ஊரிற் சிலர் அதனை விரும்பவும் செய்தனர். எமது கூட்டத்திலே கமராவுக்கும் தடிக்கும் பலர் வாதாடியபோது, ஒன்றும் பேசாது நிலத்தைப் பார்த்தவண்ணம் இருந்த பெரியவர் ஒருவரைப் பின்னர் தனியே சந்தித்தோம். “தம்பி, அவன் எங்கட ஒழுங்கைப் பொடியன். களவெடுத்தவனெண்டு நானுந்தான் சொன்னனான்” என்றார். அதற்குமேற் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

1991இல் விடுதலைப் புலிகள் தமக்கெனக் காவற்றுறை ஒன்றை அமைத்தனர். 1995 வரை யாழ்ப்பாணத்தில் அது இயங்கியது. அந்நாட்களிற் கதவைத் திறந்து வைத்து உறங்கினோம் என்று சொல்லும் முதியோர் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அக்காவலரின் செயலை எங்கே போய் முறையிடுவது என்று கேட்க அன்று எவருக்கும் துணிவிருக்கவில்லை என்பதும் பொய்யன்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை அக்காலத்தைப் பற்றிச் சொன்னதாகாது.

போர் ஓய்ந்த பின் 2011 ஓகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பீதி நாடெங்கும் பரவியது. இரவில் மர்ம மனிதர் வந்து பெண்களைத் தாக்குகின்றனர் என்று ஊரூராய் மக்கள் தடியெடுத்து நின்றனர். நாவாந்துறையில், துரத்தப்பட்டவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடினர் என்று மக்கள் திரண்டனர்; அன்றிரவே நூறு பேரளவில் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் தாக்கப்பட்டனர். அதே வாரத்தில் புத்தளத்திலோ மக்கள் கூட்டம் பொலிஸ்காரர் ஒருவரை அடித்துக் கொன்றது. ஓரிடத்திற் காவல்நின்ற ஊர் அடிபட்டது. மற்றோரிடத்தில் அது அடித்தது. 2016 ஒக்ரோபர் 20இல் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானதையும் நாம் மறக்கவில்லை. காவலரண் என்றதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது ஏன் என்பதை வெளியூரார்க்கு விளக்க இதுவொன்றே போதும்.

இடையே 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை குடாநாட்டையே உலுக்கியது. சந்தேகிக்கப்பட்டோரை எம்மிடம் தா என்று கூட்டம் கேட்டது. மே 20இல் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மேற் கல் பறந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அந்தக் கோபத்தை நாம் பழிக்க மாட்டோம். எம்மிற் பலரும் அன்று வீதியில் நின்றவர்களே. பின்னர் மூன்று மேல்நீதிமன்ற நீதிபதிகள் முன் ஒன்பது பேர் விளங்கப்பட்டனர். 2017 செப்ரெம்பர் 27இல் தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு மரணதண்டனை, இருவர் விடுதலை. 2015 மே மாதத்தில் அந்த ஒன்பது பேரும் கூட்டத்தின் கையில் அகப்பட்டிருந்தால், அவ்விருவரை ஏனைய எழுவரிலிருந்து பிரித்தறிய எங்களில் எவருக்குக் கண் இருந்தது?

இவற்றையெல்லாம் இரண்டாவது கூட்டத்தில் வாசித்தோம். வரலாறு சொன்னால் கள்வன் ஓடிவிடுவானா என்று இளைஞர் ஒருவர் கேட்டது நியாயமே. ஆகவே 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தையும் எடுத்துச் சென்றிருந்தோம். அதன் 35ஆம் பிரிவு, தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்வோனைச் சாதாரண மனிதன் ஒருவனும் பிடிக்கலாம் என்கிறது. ஆனாற் சுணக்கமின்றிச் சமாதான உத்தியோகத்தரிடமோ பொலிஸ் நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். பிடிக்கலாம், கட்டிவைத்து அடிக்க இடமில்லை. இதனைக் கேட்டதும் தடிக்கட்சியாருட் சிலர் முகம் சுருங்கியது. அன்றைய வாதம் இரவு ஒன்பதரை மணிவரை நீண்டது. கோயிற் கதவு சாத்தித் திறப்பை வைரவர் சந்நிதியில் வைத்துவிட்டு வந்த ஐயரும் ஓரத்தில் அமர்ந்து கேட்டார். வைரவரே வேட்டைநாயைத் துணைக்கு வைத்திருக்கிறார், எமக்கும் நாலு நாய் வளர்த்தாற் போதாதா என்று அவர் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அதன் பிறகே பேச்சு வழிக்கு வந்தது.

முடிவில் இவ்வளவு இணக்கமாயிற்று. இரவுக்கு நால்வர் நடப்பர். அவருள் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். கையில் ரோச் விளக்கும் விசிலும், தடி இல்லை. நடப்போர் பெயர்ப்பட்டியல் கிராம அலுவலரிடமும் பொலிஸ் நிலையத்திலும் கொடுக்கப்படும். கொப்பி ஒன்றில் ஒவ்வோர் இரவும் நடந்தது எழுதப்படும். மாதமொருமுறை அது எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும். வாசிக்கும் கூட்டத்துக்கு எம் ஒழுங்கையார் மட்டுமன்றி, தரவைக்கு அப்பால் குடியிருப்போரும் அழைக்கப்பட வேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை. களவு என்றதும் முதலிற் சந்தேகம் விழுவது அவர்கள்மேலேதான் என்றார் அவர். இதற்கு மூவர் ஒப்பவில்லை, எனினும் நிறைவேறியது. நடப்போருக்கு இரவுத் தேநீர்ச் செலவைப் பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர் ஏற்க வேண்டும் என்றும், அவ்வீடுகளின் முற்றத்து விளக்கைப் போட ஒரு திறப்பு அயலாரிடம் இருத்தல் வேண்டும் என்றும் எழுதி அனுப்பினோம். டொரொன்டோவிலிருந்து ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். தனித்திருக்கும் முதியோர் வீடுகளின் மதிலிற் சிறு படலை ஒன்று வைப்பது பற்றியும் பேச்சு உண்டு.

கமரா விடயந்தான் தீரவில்லை. இரண்டு கமராவுக்குரிய பணம் வந்துவிட்டது. அதிலே பதியும் படத்தை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, யார் கேட்டாற் கொடுப்பது என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. பெட்டிகள் சங்க அலுமாரியிற் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. தைப்பொங்கலுக்கு மறுநாட் கூட்டத்தில் இது மீண்டும் எடுக்கப்படும். அங்கத்தவர் யாவரும் தவறாது சமுகமளிக்குமாறு வேண்டுகின்றோம்.